எத்தனை பூனை வைக்கலாம்?

‘விதியா, மதியா?’ நம்ம ஊர்ப் பட்டிமன்றத்தில் இந்தத் தலைப்பைப் போட்டால் மண்டபம் நிறைந்துவிடும். இரண்டு அணியும் வெளுத்துக் கட்டும். கடைசியில் நடுவர் எழுந்து, “ரெண்டுமே வேணும்” என்று தீர்ப்புச் சொல்லி மாலை வாங்கிக்கொள்வார். நாமும் கைதட்டிவிட்டு, மீஹூன் பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

ரெண்டும் வேணும், சரி. எவ்வளவு எவ்வளவு? அதை எந்த நடுவரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

எனக்கு அந்தக் கட்டாயம் வந்தது. நம் மன்றத்தின் பள்ளி விடுமுறை முகாமுக்காக ஒரு சின்னச் சீட்டு விளையாட்டைச் செய்துகொண்டிருக்கிறேன். கதை இதுதான்: நீங்கள் ஒரு மூஞ்சூறு. நாளைக்கு விநாயகர் சதுர்த்தி. ராத்திரியோடு ராத்திரியாகச் சமையலறையில் இருந்து கொழுக்கட்டைகளைச் சேர்த்து உங்கள் வளைக்குள் கொண்டுபோக வேண்டும். ஆனால் அங்கே ஒரு குண்டுப் பூனை தூங்குவதுபோல் நடித்துக்கொண்டிருக்கிறது. படம் வரைந்தவள் என் தங்கை. மூஞ்சூறுக்குப் பெரிய காது, குட்டி வால், வாய் நிறைய மாவு. பார்த்த உடனே பிள்ளைகள் “ஐயோ, கியூட்!” என்று கத்துகிறார்கள்.

படம் சுலபமாக முடிந்தது. கணக்குதான் முடியவில்லை. மொத்தம் 60 சீட்டு. அதில் எத்தனை பூனை வைக்கலாம்? நான்கா, எட்டா, பன்னிரண்டா? பூனை கூடினால் விதி கூடும், குறைந்தால் மதி கூடும். பட்டிமன்ற நடுவர் தப்பித்துக்கொள்ளலாம், சீட்டு அச்சடிக்கிறவன் ஓர் எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த எண்ணைத் தேடிப் போனபோது எனக்குக் கிடைத்த சில யோசனைகளை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பரமபதமும் பல்லாங்குழியும்

நம் வீட்டுப் பெரியவர்கள் இந்தக் கேள்வியின் இரண்டு ஓரங்களையும் ஏற்கெனவே விளையாடிப் பார்த்துவிட்டார்கள்.

ஓர் ஓரத்தில் பரமபதம். வைகுண்ட ஏகாதசி அன்று இரவு கண்விழிப்பதற்காக ஆடும் ஆட்டம். புண்ணியம் செய்தால் ஏணி, பாவம் செய்தால் பாம்பு, உச்சியில் பரமபதம். பிள்ளைகளுக்கு அறம் சொல்லிக்கொடுக்க இதைவிட அழகான வழி கிடையாது என்பார்கள். ஆனால் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அந்த ஆட்டத்தில் ஆடுகிறவர் எதையாவது தேர்ந்தெடுக்கிறாரா? இல்லை. தாயக்கட்டையை உருட்டுகிறார், விழுந்த எண்ணுக்குக் காயை நகர்த்துகிறார், அவ்வளவுதான். நல்லவனாக இருக்கலாம் என்று முடிவெடுத்து யாரும் ஏணியில் ஏறுவதில்லை. கெட்ட புத்தியால் யாரும் பாம்பின் வாயில் விழுவதும் இல்லை.

அதனால் அது மோசமான ஆட்டமா? இல்லை. ஐந்து வயதுப் பேத்தியும் எழுபது வயதுப் பாட்டியும் சமமாக உட்கார்ந்து ஆடக்கூடிய ஆட்டங்கள் எத்தனை இருக்கின்றன? அறிவும் அனுபவமும் அங்கே செல்லாது என்பதால்தான் அந்தச் சமத்துவம் வருகிறது.

மறு ஓரத்தில் பல்லாங்குழி. பக்கத்துக்கு ஏழு குழி, மொத்தம் பதினான்கு. நம் மலாய் நண்பர்கள் வீட்டில் இதன் உறவுக்கார ஆட்டத்துக்குச் சொங்காக் என்று பெயர். இதில் தாயமும் இல்லை, கவிழ்த்து வைத்த சீட்டும் இல்லை. எல்லாக் குழியும் எல்லாருக்கும் தெரியும். எந்தக் குழியில் இருந்து எடுப்பது என்பது முழுக்க உங்கள் முடிவு. எண்ணத் தெரிந்தவர் ஜெயிப்பார். என் அம்மாச்சியை இந்த ஆட்டத்தில் ஜெயித்தவர் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. அதனால் கொஞ்ச நாளில் அவரோடு ஆட யாரும் உட்காரவும் இல்லை.

பரமபதத்தில் எல்லாருக்கும் இடம் உண்டு, ஆனால் யாருக்கும் பொறுப்பு இல்லை. பல்லாங்குழியில் முழுப் பொறுப்பு உண்டு, ஆனால் பலவீனமானவருக்கு இடம் இல்லை. என் மூஞ்சூறு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ வளை தோண்ட வேண்டும்.

இரண்டு சோதனை ஆட்டங்கள்

எங்கே என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றே இரண்டு வடிவங்களைச் செய்தேன்.

முதல் வடிவத்தில் முழுக்க அதிர்ஷ்டம். உங்கள் முறை வந்தால் ஒரு சீட்டை எடுக்க வேண்டும், வேறு வேலை இல்லை. கொழுக்கட்டை வந்தால் சேர்த்துக்கொள்ளலாம். பூனை வந்தால் அதுவரை சேர்த்தது எல்லாம் போச்சு. இரண்டாவது வடிவத்தில் அதிர்ஷ்டமே இல்லை. எல்லாச் சீட்டையும் முகம் தெரியப் பரப்பி வைத்து, ஆளுக்கு ஒன்றாக எடுக்க வேண்டும். பூனைகள் எங்கே இருக்கின்றன என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

முகாமில் ஏழு வயதுப் பிள்ளையும் இருக்கும், பதினேழு வயது அண்ணனும் இருப்பான். இரண்டு வடிவத்தையும் அவர்களிடமே கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன்.

முதல் வடிவத்தில் ஆரம்பத்தில் ஒரே சிரிப்பு. பத்து நிமிடம் கழித்து, முறை வந்தபோது பிள்ளைகள் சீட்டைப் பார்க்காமலேயே எடுத்தார்கள். ஒரு பையன் பக்கத்தில் இருந்தவனிடம், “எனக்கும் சேர்த்து நீயே எடுத்துடு, நான் டாய்லெட் போயிட்டு வரேன்” என்றான். ரொம்ப நியாயமான பேச்சு. யார் எடுத்தாலும் ஒன்றுதான் என்றால், அவன் அங்கே எதற்கு?

இரண்டாவது வடிவத்தில் ஐந்தாம் படிவ மாணவன் ஒருவன் தொடர்ந்து ஜெயித்தான். மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு சின்னப் பெண் இரண்டு ஆட்டம் தோற்றாள். மூன்றாவது ஆட்டத்தில் அவள் கேட்ட கேள்வி இது: “அண்ணன்தான் ஜெயிப்பாருன்னு தெரியுமே, அப்புறம் ஏன் ஆடணும்?” அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கவனித்தீர்களா? இரண்டு பிள்ளைகளும் மேசையை விட்டு எழுந்துவிட்டார்கள். ஒருவன், தான் செய்வதற்கு எந்த அர்த்தமும் இல்லை என்பதால். ஒருத்தி, தான் என்ன செய்தாலும் முடிவு மாறாது என்பதால். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே நோய்தான். ‘எல்லாம் தலையெழுத்து’ என்று சொல்லி முயற்சியை விடுகிறவனும், ‘கெட்டிக்காரனுக்குத்தான் உலகம்’ என்று கேட்டுக் கேட்டு ஒதுங்கிப்போகிறவளும் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் உட்காருகிறார்கள்.

முன்னால் வரும் அதிர்ஷ்டம், பின்னால் வரும் அதிர்ஷ்டம்

அப்படியென்றால் பாதிக்குப் பாதி கலந்துவிடலாமா? சாம்பாரில் உப்புப் போடுவது மாதிரி அளவு பார்த்துப் போட்டால் போதாது. எந்த நேரத்தில் போடுகிறோம் என்பதும் முக்கியம்.

அதிர்ஷ்டம் இரண்டு இடத்தில் வரலாம். நீங்கள் முடிவெடுப்பதற்கு முன்னால் வந்தால் அது ஒரு வகை. ரம்மியில் பதின்மூன்று சீட்டு கைக்கு வருகிறது. அதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதற்கு அப்புறம் எதை வைத்துக்கொள்வது, எதைக் கீழே போடுவது என்பது உங்கள் வேலை. இந்த அதிர்ஷ்டம் உங்களுக்கு ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது.

முடிவெடுத்த பின்னால் வந்தால் அது இன்னொரு வகை. நன்றாக யோசித்து ஒரு காரியம் செய்கிறீர்கள், அப்புறம் தாயம் உருட்டி அது பலிக்குமா பலிக்காதா என்று பார்க்கிறீர்கள். இதுதான் வலிக்கும். சரியாகச் செய்தும் தோற்றுப்போனேன் என்கிற வலி.

பிரபலமான ஆட்டங்களை எடுத்துப் பார்த்தால் இதை எப்படிச் சமாளித்திருக்கிறார்கள் என்று தெரியும். நாம் எல்லாரும் ஆடும் ஊனோவை 1971-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த மெர்ல் ராபின்ஸ் உருவாக்கினார். அதில் யுக்தி கொஞ்சம்தான். ஆனால் ஓர் ஆட்டம் சட்டென்று முடிந்துவிடும், அடுத்தது தொடங்கிவிடும். தோல்வி கையில் ஒட்டாது. 2015-இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பணம் போட்டு ஆதரித்த ‘எக்ஸ்புளோடிங் கிட்டன்ஸ்’ ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெடிக்கும் பூனைக்குட்டியை எடுத்தவர் ஆட்டத்தில் இருந்து போய்விட வேண்டும். கொடுமையான விதிதான். ஆனால் ஆட்டம் தொடங்கும்போதே எல்லாருக்கும் வெடியைச் செயலிழக்க வைக்கும் சீட்டு ஒன்று கையில் கொடுக்கப்படும். அதைப் போட்டுத் தப்பித்தால், அந்தப் பூனைக்குட்டியைக் கட்டுக்குள் எந்த இடத்தில் வேண்டுமானாலும் யாருக்கும் தெரியாமல் செருகலாம். உங்களுக்கு வந்த கெட்ட அதிர்ஷ்டம் இப்போது உங்கள் யுக்தியாக மாறிவிட்டது.

இதைப் பார்த்த பிறகு என் ஆட்டத்தின் அமைப்பும் பிடிபட்டது. கொழுக்கட்டை 36, பூனை 8, வளை 8, மேலே உள்ள மூன்று சீட்டுகளை ‘எட்டிப் பார்’க்கும் சீட்டு 4, இன்னொருவரோடு ‘கைமாற்று’ம் சீட்டு 4. ஆக 60. நான்கு பேருக்கும் ஆளுக்கு ஒரு வளைச் சீட்டை முதலிலேயே கொடுத்துவிடுவோம். பூனை வந்தால் அதைப் போட்டு ஒருமுறை தப்பிக்கலாம். மீதி 56 சீட்டும் கலைத்துக் கவிழ்த்து வைக்கப்படும். உங்கள் முறை வந்தால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போகலாம், எப்போது வேண்டுமானாலும் “போதும்” என்று சொல்லி நிறுத்தலாம். நிறுத்தினால் எடுத்ததெல்லாம் வளைக்குள் பத்திரம். நிறுத்தாமல் இருந்து பூனை வந்தால், அந்த முறை எடுத்தது மட்டும் போகும். முன்னால் வளைக்குள் சேர்த்ததைப் பூனை தொடாது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். புதுக் கட்டில் முதல் சீட்டே பூனையாக இருக்க ஏழில் ஒரு வாய்ப்பு. மூன்று சீட்டு எடுத்தும் பூனை வராமல் இருக்க நூற்றுக்கு 62. நான்கு எடுத்தால் 53. ஐந்து எடுத்தால் 45. அதாவது நான்காவது வரைக்கும் காற்று உங்கள் பக்கம், ஐந்தாவதில் பூனையின் பக்கம். இதை நான் பிள்ளைகளுக்குச் சொல்லவே இல்லை. சில ஆட்டத்துக்குள் அந்த மூன்றாம் ஆண்டுப் பெண் தானாகவே மூன்றோடு நிறுத்தப் பழகிவிட்டாள். ஐந்தாம் படிவ அண்ணன் ஆறாவது சீட்டுக்குக் கை நீட்டினான். அவள் ஜெயித்தாள்.

நளனும் தருமனும்

சூதாட்டம் என்றதும் நமக்குத் தருமர் ஞாபகம் வருவார். ஆனால் மகாபாரதத்திலேயே அவருக்கு இன்னொரு சூதாட்டக் கதை சொல்லப்படுகிறது. எல்லாவற்றையும் இழந்து காட்டில் இருக்கும்போது, “என்னைவிடத் துர்ப்பாக்கியசாலி யாராவது உண்டா?” என்று தருமர் வருந்துகிறார். அதற்குப் பதிலாகத்தான் பிருகதசுவர் என்ற முனிவர் நளன் கதையைச் சொல்கிறார்.

நளனும் தம்பி புட்கரனிடம் சூதாடி நாட்டை இழந்தவன். பின்னால் உருவம் மாறி, வாகுகன் என்ற பெயரில் அயோத்தி மன்னன் இருதுபன்னனுக்குத் தேரோட்டுகிறான். வழியில் ஒரு தான்றி மரம். அந்தக் காலத்தில் தான்றிக் காய்களையே சூதுக் காய்களாக வைத்து ஆடினார்கள் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மன்னன் அந்த மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதில் எத்தனை இலை, எத்தனை காய் என்று சொல்லிவிடுகிறான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான். கணக்குச் சரியாக இருக்கிறது. குதிரை ஓட்டும் வித்தையை மன்னனுக்குக் கொடுத்து, சூதின் உட்கணக்கான அட்சஹிருதயத்தை நளன் கற்றுக்கொள்கிறான். அந்த நேரத்தில்தான் அவனைப் பிடித்திருந்த கலி அவனை விட்டு வெளியேறுகிறது.

எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். சனி விலகக் கோயிலுக்குப் போகிறோம், எள் விளக்கு ஏற்றுகிறோம், தப்பில்லை. ஆனால் நளனை விட்டுக் கலி விலகியது அவன் எண்ணக் கற்றுக்கொண்ட அன்றைக்கு. அதற்கப்புறம் அவன் மறுபடி புட்கரனோடு ஆடி நாட்டை மீட்கிறான்.

இப்போது தருமரைப் பாருங்கள். அவருக்கும் இரண்டாவது வாய்ப்புக் கிடைத்தது. முதல் சூதில் இழந்ததைத் திருதராட்டிரன் திருப்பிக் கொடுத்துவிட்டான். மறுபடி அழைத்தபோது, எதுவும் புதிதாகக் கற்றுக்கொள்ளாமல் அதே சகுனியோடு போய் உட்கார்ந்து மறுபடி தோற்றார். பன்னிரண்டு வருட வனவாசம், அதன்மேல் ஒரு வருட அஞ்ஞாதவாசம். நளன் கதை முடிந்த பிறகு பிருகதசுவர் அந்தச் சூது வித்தையைத் தருமருக்கும் கற்றுக்கொடுக்கிறார் என்று மகாபாரதம் சொல்கிறது. ‘விதியை நினைத்து அழாதே’ என்று சொன்னதோடு அவர் எழுந்து போய்விடவில்லை.

ஆக, இரண்டு விஷயம் சேர வேண்டியிருக்கிறது. மறுபடி ஆட ஒரு வாய்ப்பு, அதற்குள் கற்றுக்கொள்ள ஒரு வழி. ஒன்று மட்டும் இருந்தால் போதவில்லை.

அடுத்தவன் கைச் சீட்டு

நம் சமய வகுப்பில் வினை மூன்று என்று படித்திருப்போம்: சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம். சீட்டு ஆடுகிறவனுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கட்டு முழுவதும் சஞ்சிதம். அதில் இருந்து இப்போது கைக்கு வந்திருப்பது பிராரத்தம். நீங்கள் இறக்கப்போகும் சீட்டு ஆகாமியம். டாக்டர் ராதாகிருஷ்ணன் 1926-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரைகள் ‘தி ஹிண்டு வியூ ஆஃப் லைஃப்’ என்ற நூலாக வந்தன. அதில் அவரும் கர்மக் கொள்கையைப் பிரிட்ஜ் சீட்டாட்டத்தோடு ஒப்பிட்டுத்தான் விளக்குகிறார். கைக்கு வந்த சீட்டு நம் விருப்பம் இல்லை, ஆடுவது நம் விருப்பம் என்பது அவர் கருத்து.

நல்ல உவமை. ஆனால் அதை யாருக்காகப் பயன்படுத்துகிறோம் என்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது.

என்னோடு ஒரே தோட்டத்தில் பிறந்து, ஒரே தமிழ்ப்பள்ளியில், ஒரே வகுப்பில் படித்த இரண்டு நண்பர்கள் உண்டு. யு.பி.எஸ்.ஆர். தேர்வில் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே புள்ளிகள். மூன்றாம் படிவத்தில் ஒருவனுடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வீட்டுக்கு மூத்த பிள்ளை என்பதால் அவன் டயர் கடை வேலைக்குப் போனான். இன்னொருவன் இன்றைக்குப் பினாங்கில் இன்ஜினியர். பல வருடம் கழித்துத் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் நாங்கள் எல்லாரும் கூடியபோது, டயர் கடை நண்பன் இல்லாத நேரத்தில் அவனைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒருவர் சொன்னார், “அவன் ஒழுங்காப் படிச்சிருந்தா வந்திருக்கலாம்பா, முயற்சி இல்ல.” இன்னொருவர் பெருமூச்சு விட்டார், “என்ன பண்றது, அவன் பிராரத்தம்.”

கேட்க இரண்டும் எதிரெதிரான கருத்து மாதிரி இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அவனுக்கு நாம் ஏதாவது செய்திருக்கலாமோ என்ற கேள்வியை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. அவன் சோம்பேறி என்றாலும் நமக்கு வேலை இல்லை, அவன் வினை என்றாலும் நமக்கு வேலை இல்லை.

பிராரத்தம் என்ற சொல் என் கையைப் பார்த்து நான் சொல்லிக்கொள்வதற்கு. ‘வந்தது வந்துவிட்டது, இனி ஆடுவோம்’ என்று எழுந்து நிற்க அது உதவும். அதே சொல்லை அடுத்தவன் கையைப் பார்த்துச் சொன்னால் அது வெறும் கைகழுவல். திருவள்ளுவர் 38-ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையைச் சொல்கிறார். 62-ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையில், தளராமல் முயல்கிறவன் அந்த ஊழையே முதுகு காட்டி ஓடவைப்பான் என்கிறார். ஒரே மனிதர் இரண்டையும் எழுதினார் என்பது முரண்பாடு இல்லை என்று நினைக்கிறேன். ஜெயித்தவன் முதல் அதிகாரத்தைப் படிக்க வேண்டும், தோற்றவன் இரண்டாவதைப் படிக்க வேண்டும். நாம்தான் மாற்றிப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

எத்தனை ஆட்டம்?

என் கேள்வி எத்தனை பூனை என்பது. போகப் போக அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருப்பது தெரிந்தது: எத்தனை ஆட்டம்?

இரண்டு பேர் ஆடுகிறார்கள். ஒருவருக்குக் கொஞ்சம் திறமை கூட, ஓர் ஆட்டத்தில் ஜெயிக்க நூற்றுக்கு 55 வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஓர் ஆட்டம்தான் என்றால் அது ஏறக்குறைய காசு சுண்டுவது மாதிரி. மூன்று ஆட்டத்தில் யார் அதிகம் ஜெயிக்கிறார் என்று பார்த்தால் அவருக்கு வாய்ப்பு 57. ஒன்பது ஆட்டம் என்றால் 62. நூற்றொரு ஆட்டம் ஆடினால் 84. சீட்டுக் கட்டு அதேதான், பூனை அதே எட்டுதான், திறமையும் அதே அளவுதான். ஆட்டத்தின் எண்ணிக்கை கூடக் கூட உழைப்பின் குரல் கேட்கத் தொடங்குகிறது.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். யாருக்கு ஒரே ஓர் ஆட்டம்தான் கிடைக்கிறதோ, அவர் வாழ்க்கையை விதிதான் நடத்தும். எவ்வளவு உழைத்தாலும் சரி. யாருக்குப் பல ஆட்டம் கிடைக்கிறதோ, அவர் உழைப்பு தெரியும். பிறகு அவர் மேடையில் ஏறி, “எல்லாம் என் முயற்சி” என்பார். பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த முயற்சி தெரியும் அளவுக்கு அவருக்கு ஆட்டங்கள் கிடைத்தன என்பதை மறந்துவிட்டுச் சொல்கிறார்.

வசதியான வீட்டுப் பிள்ளை எஸ்.பி.எம்.-இல் சறுக்கினால் தனியார் கல்லூரி இருக்கிறது, டியூஷன் இருக்கிறது, தெரிந்த மாமா ஒருவர் இருக்கிறார். இல்லாத வீட்டுப் பிள்ளை சறுக்கினால் அடுத்த திங்கட்கிழமை தொழிற்சாலை பஸ் வாசலில் நிற்கும். இருவருக்கும் வந்த சீட்டு ஒன்றுதான். ஒருவனுக்குப் பூனை அந்த முறை எடுத்ததை மட்டும் கொண்டுபோனது. மற்றவனுக்கு வளைக்குள் இருந்ததையும் சேர்த்துக் கொண்டுபோனது.

என் டயர் கடை நண்பனுக்கு 21 வயதில் இரண்டாவது ஆட்டம் வந்தது. கோயில் கமிட்டியில் இருந்த ஓர் அண்ணன், தனியாக எஸ்.பி.எம். எழுதுவதற்கான கட்டணத்தைக் கட்டிவிட்டார். இரண்டு அக்காமார் ராத்திரி எட்டு மணிக்கு மேல் கோயில் மண்டபத்தில் வைத்து அவனுக்குக் கணக்கும் மலாயும் சொல்லிக்கொடுத்தார்கள். பாஸ் பண்ணினான். இப்போது வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிக்கிறான். இன்னும் முடிக்கவில்லை. எப்படி முடியும் என்று எனக்கும் தெரியாது. ஆனால் இப்போது ஜெயித்தாலும் தோற்றாலும் அதில் அவன் பங்கு ஒன்று இருக்கும்.

அதனால் என் விளையாட்டில் மூன்று ராத்திரி வைத்தேன். மூன்றிலும் சேர்த்த கொழுக்கட்டையைக் கூட்டிப் பார்த்துத்தான் வெற்றி. ஏன் நூற்றொன்று இல்லை என்று கேட்கலாம். முதல் காரணம், பிள்ளைகளுக்குத் தூக்கம் வந்துவிடும். இன்னொரு காரணம், விளையாட்டில் கொஞ்சம் அதிர்ஷ்டம் மிச்சம் இருக்கட்டும். சின்னவர்கள் பெரியவர்களை எப்போதாவது தோற்கடிக்க வேண்டும். அந்த ருசி கிடைத்தால்தான் நாளைக்கும் மேசைக்கு வருவார்கள், வந்தால்தான் எண்ணக் கற்றுக்கொள்வார்கள்.

கியூட்டான சூது

கடைசியாக ஒரு விஷயம். அழகான படம், அதிர்ஷ்டம், காசு இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

உள்ளே என்ன பொம்மை இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் பெட்டிகள் இப்போது எல்லா மாலிலும் இருக்கின்றன. போன் கேமில் காசு கொடுத்துத் திறக்கும் மாயப் பெட்டிகளும் இருக்கின்றன. அந்த மாதிரிப் பெட்டிகள் சிலவற்றைப் பெல்ஜியம் 2018-லேயே சூதாட்டம் என்று அறிவித்தது. பொம்மையின் பெரிய கண்ணைப் பார்த்தால் யாருக்கும் சூது என்று தோன்றாது. வள்ளுவர் சூதுக்கு ஒரு தனி அதிகாரமே ஒதுக்கினார், 94-ஆவது. அவர் காலத்தில் சூது கியூட்டாக இருந்ததா என்று தெரியவில்லை.

நாலு நம்பர் கதையும் இதேதான். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள், ஒவ்வொரு குலுக்கலிலும் பரிசு விழுவது 23 எண்களுக்கு. அங்கே யோசிக்க ஒன்றும் இல்லை. ஆனால் கனவில் பாம்பு வந்தால் என்ன நம்பர், கார் மோதினால் அதன் பிளேட் நம்பர் என்ன என்று எவ்வளவு ஆராய்ச்சி நடக்கிறது! அதே வீட்டில் பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கேட்டால், “அவன் தலையில என்ன எழுதியிருக்கோ” என்று பதில் வரும். யோசிக்க வேண்டிய இடத்தில் விதியைப் பேசுகிறோம். விதி மட்டுமே இருக்கிற இடத்தில் மூளையைக் கசக்குகிறோம்.

மேசை போடுகிறவர்கள்

தம்பி, தங்கச்சிகளே, நீங்கள் யாரும் சீட்டு விளையாட்டு செய்யாமல் இருக்கலாம். ஆனால் மேசை போடும் வேலை உங்களுக்கும் உண்டு. மன்றத்தில் பேச்சுப் போட்டி நடத்தினால், முதல் சுற்றிலேயே திக்கிப்போன பிள்ளையை அப்படியே வீட்டுக்கு அனுப்பப்போகிறீர்களா, மறுபடி ஒருமுறை பேசவைக்கப்போகிறீர்களா? கால்பந்துக் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது, அன்றைக்குச் சரியாக ஆடாதவனை மறுவாரம் வரச் சொல்வீர்களா? தேவார வகுப்பை மூன்று வாரம் விட்டவள் திரும்பி வந்தால், “இவ்வளவு நாள் எங்க போன?” என்று எல்லார் முன்னாலும் கேட்பீர்களா, இல்லை, ‘இப்ப எந்தப் பாட்டுல இருக்கோம்னா…’ என்று புத்தகத்தைப் பிரித்துக் காட்டுவீர்களா?

யார் கைக்கு என்ன சீட்டு வரும் என்பது நம் கையில் இல்லை. ஒரு கெட்ட சீட்டோடு ஒருவரின் ஆட்டம் முடிந்துவிடுமா என்பது பெரும்பாலும் மேசை போட்டவர்கள் கையில் இருக்கிறது. விதி என்று நாம் கைகாட்டும் பல விஷயங்களைக் கிட்டப் போய்ப் பார்த்தால், யாரோ ஒரு மனிதர் எழுதிய விதிமுறையாகத்தான் இருக்கும். மனிதர் எழுதியது என்றால் திருத்தி எழுதலாம்.

எட்டுப் பூனை என்று முடிவு செய்து அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். அடுத்த முகாமுக்கு வாருங்கள், ஆடிப் பார்ப்போம். ஐந்தாவது சீட்டுக்குக் கை நீட்டுவதற்கு முன்னால் மட்டும் ஒருமுறை எண்ணிக்கொள்ளுங்கள்.